கொதிக்க வைத்த தண்ணீர்

டெய்லருக்கு முப்பத்தெட்டு வயதில் பெண் பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, துணியில் சுற்றிய குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு, "உங்களுக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கு மாஸ்டர். பிரிச்சுப் பார்த்துடாதீங்க, தூங்குது" என்றாள் மனைவி. அன்றிலிருந்து குழந்தைக்குப் பொட்டலம் என்றே பேர் நின்றுவிட்டது.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பன்னிரண்டாம் நம்பர் பஸ். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். டெய்லருக்கு வீட்டின் முன்னறைதான் கடை. அதனால் பகலெல்லாம் பொட்டலம் அவர் பொறுப்பு. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டில், தொட்டிலுக்குப் பக்கத்தில் பால் பவுடர் டப்பா, அதற்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த நாலு பாட்டில்கள். கால்சட்டைக்கு அளவெடுக்க வருகிறவர்கள் முதலில் குழந்தையை ஒரு சுற்று கொஞ்சிவிட்டுத்தான் இடுப்பைக் காட்டுவார்கள்.

அவர் எதிலும் சுத்தம் பார்க்கிற மனுஷன். பால் கலக்கும் தண்ணீர் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். காலையில் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாத்திரம் பிடித்து அடுப்பில் வைப்பார். அது கொதிக்கிற நேரத்தில் ஒரு கால்சட்டைக்கு இரண்டு பாக்கெட்டும் தைத்து முடிப்பார். சரியாக இருபது நிமிடம். மதியம் மிச்சம் இருப்பதற்கு மறுபடி ஒரு கொதி. "கிருமி எல்லாம் என் வீட்டு வாசல்லயே செத்து விழுந்துடும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

அந்த வீட்டை அவர்கள் மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கியதே கிணற்றுக்காகத்தான். நகரத்துக் குழாய் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு. எல்லாவற்றிலும் இவர்கள் கிணற்றுத் தண்ணீர்தான் ருசி என்று தெருவே சொல்லும். கிணற்றைச் சுற்றி மனைவி தக்காளி போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பழம். டிப்போவில் அவளுக்கு 'தக்காளி டிரைவர்' என்றே பட்டம்.

நாலாம் மாதத் தடுப்பூசிக்கு டெய்லர்தான் தோளில் தூளி மாதிரி துணி கட்டி, குழந்தையை அதில் போட்டுக்கொண்டு போனார். ஊசி போட்ட நர்ஸ், அட்டையில் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"தாய்ப்பால் மட்டுமா, பவுடரும் உண்டா?"

"பகல்ல பவுடர், சிஸ்டர். அவங்க அம்மா வேலைக்குப் போறாங்க."

"தண்ணி?"

"கிணத்துத் தண்ணி. ஆனா நல்லா கொதிக்க வச்சுத்தான். இருபது நிமிஷம். மதியம் இன்னொரு தடவை."

நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கிணத்துத் தண்ணியை டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? நைட்ரேட் பார்த்தீங்களா?"

"இருபது நிமிஷம் கொதிக்க வைக்கிறேன், சிஸ்டர்" என்றார் டெய்லர் மறுபடியும், அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று.

"அதான் கேட்கிறேன். டெஸ்ட் பண்ணிடுங்க. அடுத்த குழந்தையைக் கூப்பிடுங்க."

வீடு வந்து சேருகிற வரைக்கும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஒரு அழுக்குப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போனவரைப் போல அல்லவா பார்த்தாள் என்று மனைவியிடம் குறைபட்டார். "டெஸ்ட் பண்ணிட்டாப் போச்சு, இதுக்கா இத்தனை கோபம்" என்றாள் அவள். தொட்டுக்கொள்ளத் தக்காளியை நறுக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாளே அவர் தண்ணீர்ச் சோதனைக்கூடத்துக்குப் போய், ஒன்றுக்கு இரண்டாகப் பாட்டில் கேட்டு வாங்கி வந்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் மதியம் இரண்டாம் கொதி முடிந்த தண்ணீர். துணிக்குப் போடும் சீட்டில் 'கிணறு', 'கொதித்தது' என்று எழுதி, இரண்டு பாட்டிலிலும் நூலால் கட்டினார். கிணற்றில் ஏதாவது இருந்தாலும் இருக்கட்டும், கொதித்ததில் ஒன்றும் இருக்காது. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நர்ஸ் மேஜையில் வைக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

மூன்றாம் நாள் ரிசல்ட் வாங்கக் குழந்தையோடு போனார். கவுண்டரில் காகிதத்தைக் கொடுக்காமல் உட்காரச் சொன்னார்கள். உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி வந்தாள். அவள்தான் சோதனை செய்கிறவள்.

"இந்த ரெண்டாவது பாட்டில் எதுக்காகக் கொடுத்தீங்க?"

"கொதிக்க வச்சா எல்லாம் போயிடும்னு காட்டத்தான் மேடம்."

அவள் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "கிணத்துத் தண்ணியில நைட்ரேட் லிட்டருக்கு எண்பத்தெட்டு மில்லிகிராம் இருக்கு. ஐம்பதைத் தாண்டக் கூடாது. கொதிக்க வச்சதுல நூத்துப் பதினாறு."

"மாத்திச் சொல்றீங்க மேடம். கொதிச்சதுதான் எண்பத்தெட்டா இருக்கும்."

"மாறலை. நான் ரெண்டு தடவை பார்த்தேன். உப்புத் தண்ணியைக் கொதிக்க வச்சா உப்பு போகுமா, சொல்லுங்க? தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு மிஞ்சும். இதுவும் அப்படித்தான். கிருமிக்குக் கொதிக்க வைக்கிறது சரி. இது கிருமி இல்லை. கொதிக்கக் கொதிக்க இன்னும் கெட்டியாகும்."

பொட்டலம் தூளிக்குள்ளிருந்து காலை நீட்டி அந்தப் பெண்ணின் கோட்டுப் பொத்தானை உதைத்துக்கொண்டிருந்தாள். அவள் குழந்தையின் உதட்டையும் நகத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் குழந்தைக்குத்தானா அந்தத் தண்ணி?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"உதடு, நகம் எப்பவாவது நீலம் பூத்த மாதிரி ஆச்சா? மூச்சு வாங்கிச்சா?"

"இல்லை."

"பெரியவங்களுக்கு இது உடனே தெரியாது. சின்னக் குழந்தைக்கு ரத்தத்துல மூச்சுக்காத்து சேராமப் பண்ணிடும். பார்த்தா நல்லாத்தான் இருக்கா. ஆனாலும் இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பயப்பட வேண்டாம், நாளைக்குன்னு தள்ளவும் வேண்டாம்."

சோதனைக்கூடத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப். பத்து நாற்பதுக்குப் பன்னிரண்டாம் நம்பர் வரும். அது போய் நிற்கிற கடைசி ஸ்டாப்பே மருத்துவமனை வாசல்தான். வண்டி வந்தபோது ஓட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி. அவர் ஏறி, அவளுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகை அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

அவள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். வண்டி எடுக்க வேண்டிய நேரம், எடுத்துவிட்டாள்.

பதினோரு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கதவு திறந்து மூடுகிற நேரத்துக்குள் அவள் கண்ணாடியில் கண்ணாலேயே ஒரு தடவை கேட்டாள், அவர் ஒரு தடவை கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நாலாவது ஸ்டாப்பில் சக்கர நாற்காலியோடு ஒருவர் ஏறினார். அவருக்குச் சாய்வுப் பலகையை இறக்கி, ஏற்றி, பெல்ட் மாட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறபோது, டெய்லரின் தோளை ஒரு நொடி அழுத்திவிட்டுப் போனாள். அதற்குமேல் வழியில்லை. வண்டி நிறைய ஆட்கள்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இப்ப சொல்லுங்க."

அவர் சொன்னார். எண்பத்தெட்டைச் சொன்னபோது குரல் சரியாக இருந்தது. நூற்றுப் பதினாறைச் சொல்ல வந்தபோது இருக்கவில்லை. "ஒரு மாசமா நானே என் கையால காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

அவள் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொட்டலம் அம்மாவின் டிரைவர் தொப்பியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "பசி எடுத்தவ மாதிரிதான் இருக்கா. வாங்க" என்று முன்னால் இறங்கினாள். ஸ்டாப்பில் இருந்த டைம் கீப்பர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் அடுத்த டிரிப்புக்கு வேறு டிரைவரைப் போட்டார்.

டாக்டர் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, நிமிர்த்திப் போட்டு, மூச்சு கேட்டு, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தார். "நல்ல சிவப்பு. இது நிறைய ஏறியிருந்தா ரத்தமே பழுப்பா இருக்கும்" என்றார். மீதி ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். இருக்க வேண்டியதைவிட இம்மியளவு கூடுதல், மருந்தே வேண்டாம் என்றார். "தண்ணியை மாத்துங்க. ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கிடும். பாதி நேரம் தாய்ப்பால் இருந்தது நல்லதாப் போச்சு."

வெளியே வராந்தாவில் டெய்லர் பெஞ்சில் உட்கார்ந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மனைவி இரண்டு ரொட்டியும் டீயும் வாங்கி வந்தாள்.

"அந்த நர்ஸ் கேட்டப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்" என்றார்.

"உறைக்காமலா மறுநாளே பாட்டில் தூக்கிட்டு ஓடினீங்க?"

"அது அவங்களை மூக்கறுக்கப் போனது."

"எதுக்குப் போனா என்ன, போனீங்கல்ல" என்றாள் அவள். "சாப்பிடுங்க. டீ ஆறுது."

அன்று சாயங்காலம் டிப்போவிலிருந்து வரும்போது பத்து லிட்டர் கேனில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். டிப்போத் தண்ணீரை மாதாமாதம் சோதிக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். அடுத்த ஐந்து மாதமும் அந்தக் கேன் அவளோடு டூட்டிக்குப் போய் அவளோடு திரும்பியது. ஓட்டுநர் ஓய்வறையில் அதற்குத் தனியாக ஒரு மூலையே ஒதுக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை சோதனைக்கூடத்துப் பெண் வீட்டுக்கே வந்தாள். கிணற்றில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். பின்வாசலைத் திறந்ததுமே அவளுக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கிணற்றைச் சுற்றி நாலு பாத்தி தக்காளி. கிணற்றுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு எருக்குவியல்.

"இது என்ன எரு?"

"குதிரைச் சாணி" என்றாள் மனைவி. குரல் உள்ளே போயிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு குதிரை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கிறவர். பேச்சுச் சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"நான் சும்மா கொட்டலை மேடம். தங்கச்சிதான் கேட்டுச்சு. கிணத்தோரமாக் கொட்டுங்கண்ணே, எடுத்துப் போட வசதியா இருக்கும்னுச்சு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"நான்தான் கேட்டேன்" என்றாள் மனைவி. "அண்ணன் மேல தப்பில்லை. அது போதாதுன்னு மழை வர்றதுக்கு முன்னாடி யூரியா வேற கைநிறைய அள்ளிப் போடுவேன்."

"கைநிறையன்னா?"

அவள் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள். சோதனைக்கூடத்துப் பெண் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டது டெய்லருக்குத் தெரிந்தது.

"செடி தின்ன முடிஞ்சதைத் தின்னும். மீதி மழையோட மணலுக்குள்ள இறங்கி நேரா கிணத்துக்குத்தான் போகும். உங்க மண் சல்லடை மாதிரி. எருவை இங்கிருந்து எடுத்து, தரை பூசின இடத்துல கூரை போட்டு வையுங்க. உரத்தை நிறுத்துங்க. குறையும். ஆனா வருஷக்கணக்கு ஆகும்."

"குதிரை இந்தத் தண்ணிதான் குடிக்குது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர் கவலையோடு. "என் கிணத்துல மோட்டார் ஓடாதப்ப இங்கதான் வாளி போடுவேன்."

"இந்த அளவு குதிரையை ஒண்ணும் பண்ணாது."

அவருக்கு உயிர் வந்தது. மறுநாளே வண்டி கொண்டு வந்து குவியலை வார ஆரம்பித்துவிட்டார். மனைவி தலையில் துணி கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தாள். நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, ஜன்னலில் குழந்தையோடு நின்ற புருஷனைப் பார்த்து, "நான் உரம் போட்டேன், நீங்க காய்ச்சினீங்க. நல்ல ஜோடிதான் நாம" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு டெய்லருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

சோதனைக்கூடத்துப் பெண் போகும்போது இன்னொன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தெரு கிழக்குப் பக்கம் சரிகிறது, நிலத்தடித் தண்ணீரும் அந்தப் பக்கம்தான் போகும், அங்கே இருக்கிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள் என்று. கிழக்கே ஐந்து வீடு. கடைசி வீட்டில் ஒரு டீச்சர், ஏழு மாதக் கர்ப்பிணி.

"நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றாள் மனைவி. "தக்காளி என்னுது."

"வேண்டாம், நான் போறேன்" என்றார் டெய்லர்.

பொதுவாக அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டாத மனுஷன். வேலை இருந்தால் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். அன்று குழந்தையைத் தூளியில் கட்டிக்கொண்டு, சோதனைக்கூடத்தில் வாங்கிய ஐந்து காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். முதல் நாலு வீட்டில் பேச்சு சுலபமாக முடிந்தது. ஒரு வீட்டில் மட்டும், "உங்க கிணத்துக்கே வியாதியா?" என்று கேட்டு நம்பாமல் சிரித்தார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள்.

டீச்சர் வீட்டில் கதவு திறந்ததுமே அடுப்படியிலிருந்து ஆவி வாசம் வந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. டெய்லர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இடைமறித்தாள்.

"எங்களுக்குப் பிரச்சினை இல்லை மாஸ்டர். நான் ரொம்ப ஜாக்கிரதை. வயித்துல தங்கினதுலேர்ந்து அரை மணி நேரம் கொதிக்க வைக்காம ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லை. பிறந்தாலும் குழந்தைக்கு இதே தண்ணிதான்."

அந்த வாக்கியத்தை இதுநாள்வரை டெய்லரும் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தானே. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நானும் அப்படித்தாம்மா. நீங்க அரை மணி நேரம். நான் இருபது நிமிஷம், ஆனா ரெண்டு தடவை. அதுதான் இங்க தப்பாப் போச்சு. கொதிக்கக் கொதிக்க இது கூடத்தான் செய்யுதாம். எனக்கும் சொன்னப்ப நம்ப முடியலை."

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சேன்" என்றாள்.

"நல்லதுன்னுதான். இதோ இவளைப் பாருங்க, ஒரு மாசம் குடிச்சவ" என்று பொட்டலத்தைத் தூளியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தார். பொட்டலம் டீச்சரின் வளையலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டார். உங்களுக்கு அதுவும் இல்லை, இன்னும் பிறக்கவே இல்லையே. இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். அந்தப் பாட்டில்ல தண்ணி பிடிச்சுக் கொடுங்க, நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

டீச்சர் கிணற்றில் அறுபத்திரண்டு. இன்னும் இரண்டு வீட்டில் ஐம்பதைத் தாண்டியிருந்தது. மீதி இரண்டும் சரி. அதற்குப் பிறகு டெய்லர் சும்மா இருக்கவில்லை. தெருவுக்குக் குழாய் கேட்டு ஒரு மனு எழுதி, ஆறு ரிப்போர்ட்டையும் சேர்த்துத் தைத்தார். ஸ்டேப்ளர் இல்லை, மெஷினிலேயே போட்டு ஓட்டிவிட்டார். குடிநீர் அலுவலகத்தில் அதை வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த ஆபீசுக்குத் தையல் போட்டு வந்த முதல் மனு இதுதான் என்றார். அதனாலோ ரிப்போர்ட்டினாலோ, ஐந்தாம் மாதம் குழாய் வந்தது. அதற்கு முன்பே டீச்சருக்குப் பையன் பிறந்திருந்தான். குழாய் வரும்வரைக்கும் டிப்போவிலிருந்து அவள் வீட்டுக்கும் ஒரு கேன் போய்க்கொண்டிருந்தது.

நர்ஸையும் ஒரு நாள் போய்ப் பார்த்தார். அவளுக்கு அவரை ஞாபகமில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்கிறேன் சார் என்றாள். ஆனால் எண்பத்தெட்டு, நூற்றுப் பதினாறு என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்கி, சுவரிலிருந்த பலகையின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். இனிமேல் வாதாடுகிற அப்பாக்களுக்குக் காட்டத் தோதாக இருக்குமாம்.

கிணறு அப்படியேதான் இருக்கிறது. துணி துவைக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர்தான். போன வாரம் மறுபடி சோதித்ததில் எழுபத்தொன்று. இன்னும் இரண்டு மூன்று மழைக்காலம் போகட்டும் என்றாள் சோதனைக்கூடத்துப் பெண். அவசரமில்லை என்றார் டெய்லர். அவருக்கு உண்மையிலேயே அவசரமில்லை. தக்காளி இந்த வருடம் கோலிக்குண்டு அளவுதான். டிப்போவில் கேலி செய்தார்கள். ஆனாலும் இனிப்பு கூடுதலாக இருக்கிறது என்று மனைவி சாதிக்கிறாள்.

இன்று அவளுக்கு வார லீவு. காலை முழுக்கப் பாத்தி கொத்திவிட்டு, கைகால் கழுவி வந்து, முன்னறைத் தரையிலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். பொட்டலம் தவழ்ந்து போய் அவள் முழங்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டு தூங்கிவிட்டாள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய கால்சட்டை மூன்று மிச்சம் இருந்தது. மெஷினை ஓட்டினால் இரண்டு பேரும் எழுந்துவிடுவார்கள். டெய்லர் பெட்டியிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கால்சட்டையின் அடிமடிப்பைக் கையாலேயே தைக்க ஆரம்பித்தார்.